டிசைன் ப்ராஜெக்ட் பாடத்தைத் திருத்த, மாணவர்களிடம் எதை எழுதி வாங்குவது?

டிசைன் ப்ராஜெக்ட் பாடம் முடியும்போது ஆசிரியர் கைக்கு வந்து சேருவது மூன்று: ஓடியும் ஓடாமலும் இருக்கும் ஒரு மாடல், ஒரு பவர்பாயிண்ட், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ரிப்போர்ட். இவற்றை வைத்து மார்க் போட்டுவிடலாம். ஆனால் அடுத்த செமஸ்டரில் இந்தப் பாடத்தில் எதை மாற்றுவது என்று கேட்டால் மூன்றுமே வாயைத் திறக்காது. ரிப்போர்ட்டில் தேவை, முந்தைய ஆய்வுகள், கணக்கு, வரைபடம், முடிவு என்று எல்லாம் வரிசை பிசகாமல் போகும். நிஜத்தில் எந்தக் குழுவும் அந்த வரிசையில் போனதில்லை. மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு டார்க்கை (சுழற்று விசையை) அப்புறம் கணக்குப் போட்டிருப்பார்கள். வெல்டிங் செய்ய ஆள் கிடைக்காமல் இரண்டு வாரம் போயிருக்கும். நால்வர் குழுவில் ஒருவரே முழு வேலையையும் இழுத்திருப்பார். இதில் ஒரு வரிகூட ரிப்போர்ட்டில் ஏறாது.

இது வெறும் ஆதங்கம் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிந்தியா ஆட்மன் குழுவினர் பொறியியல் மாணவர்களிடமும் அனுபவசாலிப் பொறியாளர்களிடமும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள்: சிறுவர் விளையாட்டுத் திடல் ஒன்றை வடிவமைக்க வேண்டும், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். 2007-இல் வந்த அந்த ஆய்வில் அனுபவசாலிகள் பிரச்சினையை வரையறுப்பதிலும் தகவல் திரட்டுவதிலும் மாணவர்களைவிட அதிக நேரம் செலவிட்டிருந்தார்கள். அதாவது வித்தியாசம் பெருமளவு வேலையின் போக்கில் இருக்கிறது. முடிந்த பொருளை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் போக்கு தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, செய்தவரையே எழுதச் சொல்வதுதான் இருப்பதிலேயே மலிவான வழி. மீள்பார்வைக் குறிப்பு என்று இங்கே சொல்வது இதைத்தான்: செய்ததைத் திரும்பிப் பார்த்து மாணவர் தன் கையால் எழுதுவது.

எழுதச் சொல்லலாம் என்பதில் இன்று பெரும்பாலான துறைகளுக்கு மறுப்பு இல்லை. எதை, எப்போது, எவ்வளவு என்பதில்தான் குழப்பம். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) கூட்டத்தில் ஒருவர் வாராந்திர ஜர்னல் என்பார், இன்னொருவர் கடைசியில் ஒரு கட்டுரை போதும் என்பார், மூன்றாமவர் ஏற்கெனவே எக்ஸிட் சர்வே வாங்குகிறோமே என்பார். மூவரும் மூன்று வேறு தேவைகளை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்பது கூட்டம் முடியும்வரை வெளிவராது. மாணவர் தன்னைத் தானே புரிந்துகொள்வது ஒரு தேவை, மார்க் போடுவது ஒரு தேவை, பாடத்தைத் திருத்துவது ஒரு தேவை. இந்த ஒப்பீட்டில் நான் எடுத்துக்கொள்வது மூன்றாவதை மட்டும். தமிழ்நாட்டில் வழக்கமாகப் பார்க்கிற நிலைமையையே கணக்கில் வைக்கிறேன்: ஒரு செக்‌ஷனில் 60 பேர், மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்கள், கைடுகளாகப் பல ஆசிரியர்கள், பாடத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், அவருக்கு வேறு இரண்டு பாடங்களும் உண்டு.

எக்ஸிட் சர்வேயை, அதாவது பாடம் முடியும்போது மாணவர் எண் போட்டு நிரப்பும் கருத்துப் படிவத்தை, சீக்கிரம் முடித்துவிடலாம். பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரானது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரத்துக்காக ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அவுட்கம், அதாவது மாணவர் கற்றிருக்க வேண்டியவை, எழுதி, அது எட்டப்பட்டதா என்று காட்டும் வேலை இன்று பல கல்லூரிகளில் நடக்கிறது. மறைமுக மதிப்பீடு என்ற கட்டத்தை நிரப்ப இந்தச் சர்வே உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ‘வடிவமைப்பு முறைகளைப் பயன்படுத்த முடிகிறது: 5-க்கு 4.2’ என்று வந்தால் ஆசிரியர் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வார்? மாணவர்கள் ஆசிரியருக்குத் தரும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் கற்ற அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்று பாப் உட்லும் அவருடைய சகாக்களும் 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். சர்வே ஃபைலுக்கு வேண்டும். வாங்கி வைத்துக்கொள்வோம்.

அடுத்தது செமஸ்டர் கடைசியில் எழுதும் நீண்ட கட்டுரை. இதற்குக் கௌரவம் அதிகம். கிரஹாம் கிப்ஸ் 1988-இல் சொன்ன ஆறு படிகளைத் தலைப்பாகக் கொடுத்துவிடுவார்கள்: நடந்தது என்ன, எப்படி உணர்ந்தேன், நல்லது கெட்டது, அலசல், முடிவு, அடுத்த முறை என்ன செய்வேன். வாசிக்க அழகான வரிசைதான். ஆனால் 60 கட்டுரைகளை ஒரே மேசையில் போட்டுப் படியுங்கள். 50-இல் டீம் ஒர்க்கின் முக்கியத்துவம் புரிந்திருக்கும். 45-இல் டைம் மேனேஜ்மென்ட் கைவந்திருக்கும். எல்லோரும் முதலில் திணறி, பிறகு ஒற்றுமையாக உழைத்து, இறுதியில் வென்றிருப்பார்கள். மாடல் ஓடிய பிறகு எழுதும்போது பழைய தடுமாற்றமெல்லாம் வெற்றிக்கான படிக்கட்டாகவே நினைவில் நிற்கிறது. அதோடு இதற்கு மார்க் உண்டு என்றால், ஆசிரியர் எதைக் கேட்க விரும்புவார் என்பதே எழுதுபவருக்கு முதல் கேள்வி. டேவிட் பவுடும் டேவிட் வாக்கரும் 1998-லேயே இதை எச்சரித்தார்கள்: படிவத்தைக் கொடுத்து, மதிப்பீடும் செய்தால் மாணவர்கள் சிந்திப்பதற்குப் பதிலாகச் சிந்தித்ததுபோல் காட்டப் பழகிவிடுவார்கள். 2022 நவம்பருக்குப் பிறகு அந்தக் காட்டுவதற்கும் ஆள் வேண்டாம். சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில், கிப்ஸின் ஆறு படிகளும் தவறாமல், உணர்ச்சியோடு எழுதித் தரும்.

கட்டுரைக்கு எதிரான பெரிய வாதம் வேறு. அது வந்து சேரும்போது பாடம் முடிந்திருக்கும். எழுதிய மாணவருக்கு அதனால் எந்த மாற்றமும் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். தெரிந்த பிறகு யார் மெனக்கெட்டு உண்மையை எழுதுவார்?

சரி, அப்படியானால் வாராவாரம் எழுதச் சொல்லலாமே. ஜர்னல், டிசைன் லாக், என்ஜினியரிங் நோட்புக் என்று பல பெயர். இங்கே பார்க்கும் வழிகளில் உள்ளடக்கம் மிகச் செறிவாக இருக்க வாய்ப்புள்ளது இதில்தான். நடந்ததும் எழுதுவதால் நினைவு அதைச் சீவிச் சிங்காரிக்க நேரம் இருக்காது. ஒரு குழு எப்போது பெல்ட் டிரைவை விட்டுச் செயினுக்கு மாறியது, யார் சொல்லி மாறியது, அந்த வாரம் பட்ஜெட் என்ன ஆயிற்று எல்லாம் தேதியோடு கிடைக்கும். தொழிற்சாலைகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளில் பொறியாளர்கள் இப்படித் தேதி போட்டுக் குறிப்பு எழுதும் பழக்கம் பழையது. மாணவருக்கு அதைப் பழக்குவது நல்லதுதான்.

ஆனால் இங்கே இரண்டு தடைகள். ஒன்று கணக்கு. ஒரு பக்கத்தைப் படிக்க மூன்று நிமிடம் என்றால் 60 பேருக்கு மூன்று மணி நேரம். இரண்டு செக்‌ஷன் என்றால் வாரம் ஆறு மணி நேரம், செமஸ்டர் முழுக்க. அந்த நேரம் யாரிடமும் இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்தே படிக்காமல் கையெழுத்து மட்டும் விழ ஆரம்பிக்கும்.

அங்கேதான் இரண்டாவது தடை காத்திருக்கிறது: நம் ரெக்கார்டு நோட்டுக் கலாச்சாரம். பிளஸ் டூ பிராக்டிகலில் தொடங்கி, நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு என்று சீனியர் நோட்டைப் பார்த்து எழுதி, படங்களைப் பென்சிலில் வரைந்து, சிவப்பு மையில் கையெழுத்து வாங்குவதில் நம் மாணவர்கள் கைதேர்ந்தவர்கள். வாராந்திர ஜர்னலை அவர்கள் முன் வைத்தால் அதையும் இன்னொரு ரெக்கார்டாகத்தான் பார்ப்பார்கள். சப்மிஷனுக்கு முந்தைய இரவு, ஹாஸ்டல் வராந்தாவில், 12 வாரத்துக்கும் ஒரே பேனாவில் எழுதி முடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாரும் படிக்காத எழுத்தை எப்படி எழுதுவது என்று நாம்தான் பல வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

எனவே ஜர்னலை நான் ஒதுக்கவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன். 15 பேர் எடுக்கும் எலெக்டிவ், எம்.இ. வகுப்பு, பாஹா மாதிரிப் போட்டிக்கு வண்டி கட்டும் குழு, இங்கெல்லாம் அது நன்றாக நிற்கும். வண்டி கட்டுகிறவர்களுக்கு அடுத்த வருட ஜூனியர்கள் அந்த நோட்டைத் திறந்து பார்ப்பார்கள் என்று தெரியும். அதனால் ஒழுங்காக எழுதுவார்கள். 60 பேர் கொண்ட கட்டாயப் பாடத்தில் அந்த வாசகர் இல்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு நிமிடத் தாள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் ஷ்வார்ட்ஸ் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுத் தாள்; இன்று கற்றதில் முக்கியமானது எது, இன்னும் விடை தெரியாத கேள்வி எது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஹார்வர்டில் புள்ளியியல் நடத்திய ஃபிரெடரிக் மோஸ்டெல்லர் இன்னும் சுருக்கி, இன்று எது அதிகம் குழப்பியது என்ற ஒன்றை மட்டும் முதன்மைக் கேள்வியாக்கினார். 60 தாளைப் புரட்ட 15 நிமிடம் போதும். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பிட்ஸ்பர்க், பர்டியூ பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து இதையே கோர்ஸ்மிரர் என்ற மொபைல் செயலியாக்கி, மாணவர் எழுதியதைக் கம்ப்யூட்டரே சுருக்கித் தரும்படி செய்தார்கள்.

லெக்சர் வகுப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. டாலரன்ஸ், ஃபிட் (அளவு எவ்வளவு விலகலாம், பாகங்கள் எப்படிப் பொருந்த வேண்டும்) பற்றி நடத்தினால், ‘ஹோல் பேசிஸ் எதற்கு, ஷாஃப்ட் பேசிஸ் எதற்கு?’ என்று 20 தாளில் வந்து நிற்கும். மறுநாள் சரிசெய்யலாம். ஆனால் டிசைன் ப்ராஜெக்டில் மாணவர் தடுக்கி விழுவது வகுப்பறையில் இல்லை. கடைத்தெருவில், ஒர்க்‌ஷாப்பில், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில். வகுப்பு முடிவில் கேட்டால் அன்றைய ஸ்லைடைப் பற்றித்தான் எழுதுவார்கள். சில கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பாடத்துக்கு வகுப்பு என்று ஒன்றே உருப்படியாக நடப்பதில்லை என்பது தனிக் கதை.

ஆக, ஜர்னலின் சூடும் ஒரு நிமிடத் தாளின் சுருக்கமும் சேர்ந்த ஒன்று வேண்டும். அதற்கான இடம் நம் ப்ராஜெக்ட் முறையில் ஏற்கெனவே இருக்கிறது: வேலை எவ்வளவு வந்திருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்டுப் பார்க்கும் ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ, செகண்ட் ரிவ்யூ. ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் முன்னால் குழு சில முடிவுகளை எடுத்திருக்கும். ரிவ்யூவில் யாரோ ஒருவர் ‘ஏன் இப்படி?’ என்று கேட்டிருப்பார். அந்தச் சூடு ஆறுவதற்குள், அறையை விட்டுப் போகுமுன், ஒவ்வொருவரும் தனித்தனியாக அரைப் பக்கம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிவுக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கேள்விகள் மூன்று. போன ரிவ்யூவுக்குப் பிறகு உங்கள் குழு எடுத்த ஒரு முடிவு எது, எதை வைத்து எடுத்தீர்கள்? கைவிட்ட ஒரு வழி எது? எந்த இடத்தில் வேலை நின்றது, யார் அல்லது எது அதை நகர்த்தியது?

‘என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் டீம் ஒர்க் வந்துவிடும்.

இப்படி வரும் குறிப்பு எப்படி இருக்கும் என்று காட்ட, பல குறிப்புகளில் பார்த்ததைச் சேர்த்து ஒன்றாகத் தருகிறேன் (ஷாஃப்ட் என்பது சுழலும் தண்டு, பேரிங் அதைத் தாங்குவது, ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பாதுகாப்புக்காகக் கூடுதல் பலம் வைக்கும் பெருக்கெண், ஷாக் லோடு திடீரென விழும் பளு):

“ஷாஃப்ட் 20 மிமீ என்று முடிவு செய்தோம். கணக்குப்படி 16.6 வந்தது. கடையில் 6204 பேரிங்தான் இருந்தது, அதை வாங்கிவிட்டோம். அப்புறம் ரிப்போர்ட்டுக்காக ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியை 2-லிருந்து 3.5 ஆக்கினோம், 20 வந்துவிட்டது. ரிவ்யூவில் ஏன் 3.5 என்று கேட்டார்கள். ஷாக் லோடு என்று சொன்னோம்.”

ஐந்தாறு வரிதான். இதில் பாடத்துக்கு எவ்வளவு இருக்கிறது பாருங்கள். கணக்கு சரி, விட்டம் ஃபேக்டரின் கனமூலத்தில் ஏறும் என்பதால் 2-ஐ 3.5 ஆக்கினால் 16.6 என்பது 20 ஆகத்தான் செய்யும். அதாவது இந்த மாணவருக்கு ஃபார்முலா தெரியும். தெரியாதது வேறு: கிடைக்கிற ஸ்டாண்டர்டு அளவுக்கு ஏற்றிக்கொள்வது டிசைனில் முழுக்க நியாயமான செயல் என்பது. 6204-இன் கடைசி 04-ஐ 5-ஆல் பெருக்கினால் 20 மிமீ உள்விட்டம். இவர்களுக்கு உண்மையில் 17 மிமீ உள்விட்டமுள்ள 6203 பேரிங்கே போதும். (03-க்கு அந்தப் பெருக்கல் விதி பொருந்தாது, 04-இலிருந்துதான்.) ‘6203 கிடைக்கவில்லை, 6204 வாங்கினோம், அதற்காக ஷாஃப்டை 20 ஆக்கினோம், அதனால் எடை இவ்வளவு கூடியது’ என்று எழுதினால் எந்த எக்ஸாமினரும் மதிப்பார். ஆனால் அப்படி எழுதலாம் என்று நாம் சொல்லித்தரவில்லை. கணக்கிலிருந்துதான் எல்லாம் பிறக்க வேண்டும் என்ற தோற்றத்தை நம் ரிப்போர்ட் டெம்ப்ளேட் கொடுக்கிறது. அதனால் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, ஷாக் லோடு என்று ஒரு பொய்யும் சொல்கிறார்கள்.

திருத்தம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது: பேரிங் கேட்லாக்கை வகுப்புக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் தேர்வு செய்யும் பயிற்சி, ரிப்போர்ட்டில் ‘கிடைத்த பொருளுக்காக மாற்றியவை’ என்று ஒரு புதுப் பகுதி. 4.2 என்ற சர்வே எண்ணிலிருந்து இந்த இரண்டும் ஒருநாளும் வந்திருக்காது. இறுதிக் கட்டுரையில் அதே மாணவர் ‘ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்’ என்று எழுதியிருப்பார்.

‘கைவிட்ட வழி எது’ என்ற இரண்டாவது கேள்விக்குப் பாதித் தாள்களில் எதுவும் இருக்காது. அந்த வெற்றிடமே ஒரு பதில். முதலில் தோன்றியதைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிடுவது டிசைன் கல்வியில் பழகிய சிக்கல். டேவிட் ஜான்ஸனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991-இல், சிந்தாத காபிக் கோப்பை வடிவமைக்கச் சொல்லி, மாதிரிக்கு ஒரு படத்தையும் காட்டினார்கள். படத்தில் ஸ்ட்ரா இருந்தது. ஸ்ட்ரா கூடாது என்று எழுத்தில் சொல்லியிருந்தும், படம் பார்த்தவர்கள் பலர் ஸ்ட்ராவோடு வரைந்தார்கள். நம் ஜீரோத் ரிவ்யூவுக்கு முன் மாணவர் யூடியூபில் பார்க்கும் வீடியோதான் நம் ஊர் மாதிரிப் படம். ஜீரோத் ரிவ்யூ குறிப்புகளில் ‘வேறு வழி யோசிக்கவில்லை’ என்று நிறைய வந்தால், மூன்று கான்செப்ட் ஸ்கெட்ச் இல்லாமல் ரிவ்யூவுக்கு வரக் கூடாது என்று அடுத்த முறை விதி போடலாம். அந்த விதி வேலை செய்ததா என்பதை அடுத்த பேட்ச்சின் இதே கேள்வி சொல்லிவிடும்.

நேரக் கணக்கும் ஒத்துவருகிறது. அரைப் பக்கத்துக்கு ஒரு நிமிடம், 60 பேருக்கு ஒரு மணி நேரம், செமஸ்டருக்கு மூன்று தடவை. திருத்த வேண்டாம், கருத்து எழுத வேண்டாம். படித்துக்கொண்டே தாள்களை மேசையில் பிரித்துப்போட வேண்டியதுதான்: பொருள் வாங்குவதில் சிக்கல், கணக்கில் சிக்கல், குழுவுக்குள் சிக்கல், இடமும் கருவியும் கிடைக்காத சிக்கல். எந்தக் குவியல் உயரமோ அதை அடுத்த வாரம் கவனிக்க வேண்டும். ஒற்றைத் தாளாகத் தனியே நிற்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும், சில சமயம் அது எல்லோரும் சொல்லத் தயங்கியதாக இருக்கும். இதனால்தான் ஏ.ஐ.-யிடம் கொடுத்துச் சுருக்கி வாங்குவதில் எனக்கு ஆர்வம் இல்லை. 600 பேர் என்றால் வேறு வழியில்லை. 60 பேரின் குறிப்பைச் சுருக்கினால் பெரும்பான்மைக் குரல் மிஞ்சும், ஒற்றைத் தாள் மறைந்துபோகும். மாணவரின் குழுச் சண்டையை வெளி நிறுவனம் ஒன்றின் சர்வரில் ஏற்றுவது சரியா என்ற கேள்வியும் உண்டு.

மீள்பார்வை எழுத்தைப் பற்றிய ஆய்வுகளோடு நான் கொஞ்சம் முரண்படும் இடம் இது. நெவில் ஹட்டனும் டேவிட் ஸ்மித்தும் சிட்னியில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களை வைத்து 1995-இல் நான்கு தளங்களைப் பிரித்தார்கள்: வெறும் விவரிப்பு, காரணத்தோடு விவரிப்பு, தனக்குள் வாதாடிப் பார்ப்பது, சமூகச் சூழலோடு வைத்து விமர்சிப்பது. அதன் பிறகு, கீழ்த்தளத்தில் எழுதுபவரை மேலே ஏற்றுவதே இலக்கு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மாணவரின் வளர்ச்சிக்கு அது சரி. பாடத்தைத் திருத்துகிறவருக்கு மேல்தளம் அவ்வளவு பயன்படாது. ‘லேத் சனிக்கிழமை மட்டும்தான் காலியாக இருந்தது, அன்று ஒர்க்‌ஷாப் சார் வரமாட்டார்’ என்ற வரியில் எந்த ஆழமும் இல்லை. ரூப்ரிக் (மதிப்பெண் அளவுகோல்) போட்டால் பூஜ்யம்தான் கிடைக்கும். டைம்டேபிளை மாற்ற வைப்பது அந்த வரிதான். ‘பொறியாளராக என் சமூகப் பொறுப்பை உணர்ந்தேன்’ என்ற வரிக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சில துணை முடிவுகள் அதைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். மார்க் விஷயம் முதலில். எழுதிக் கொடுத்தால் மார்க், கொடுக்காவிட்டால் இல்லை. எழுதியதற்குத் தரம் பார்க்கக் கூடாது. மார்க்கே வேண்டாம் என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்டர்னலுக்குச் சம்பந்தமில்லாத தாளை நம் வகுப்பில் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். ஒன்றிரண்டு மார்க் போதும்.

பெயர் போடுவதா வேண்டாமா என்பது இதைவிடச் சிக்கல். பெயர் இல்லாவிட்டால் எந்தக் குழுவுக்கு உதவி தேவை என்று தெரியாது. பெயர் இருந்தால் ‘கைடைப் பார்க்கப் போனால் அடுத்த வாரம் வா என்கிறார்’ என்று யாரும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் வைவாவில் அதே கைடு உட்கார்ந்திருப்பார். நடுவழி ஒன்று உண்டு: பெயர் போடட்டும், ஆனால் தாள் கைடு கைக்குப் போகக் கூடாது. இரண்டு செக்‌ஷன் இருந்தால் ஒருங்கிணைப்பாளர்கள் தாளை மாற்றிக்கொள்ளலாம். இதை முதல் ரிவ்யூவிலேயே வாய்விட்டுச் சொல்லி, சொன்னபடி நடந்தால், இரண்டாவது ரிவ்யூவில் நம்பிக்கை வரும். கைடைப் பற்றிய புகார் வந்தால் அதைத் துறைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்கிற ஆள் ஒருங்கிணைப்பாளராக இருக்கக் கூடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அப்புறம் மொழி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை: தமிழில் எழுதலாம், கலந்தும் எழுதலாம் என்று தாளின் மேலேயே அச்சடித்துவிட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழில் பொறியியல் எழுதுவது அந்நியமான விஷயம் இல்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்தில் எழுதும்போது தனக்குத் தெரிந்த ஆங்கில வாக்கியத்தைத்தான் எழுதுவார், நடந்ததை எழுத மாட்டார். மேலே உள்ள ஷாஃப்ட் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தால், நான்கு பேரும் ஒரே மாதிரி, பாராட்டுக்குரிய, காலியான ஒரு பத்தியைத் தந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் தொடர்பாடல் திறன் வளர வேண்டும் என்ற நியாயமான எதிர்வாதம் வரும். அதற்கு ரிப்போர்ட் இருக்கிறது, பிரசன்டேஷன் இருக்கிறது. இந்த அரைப் பக்கத்தை விட்டுவிடலாம். வெளிமாநில மாணவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஆங்கிலமோ இந்தியோ. படிக்கத் தெரிந்த ஒரு சக ஆசிரியர் துறையில் இருந்தால் போதும்.

கூகுள் ஃபார்மா, கையெழுத்தா என்றால் கையெழுத்து. தட்டச்சு செய்தால் தொகுக்க வசதி என்பது உண்மை. ஆனால் ஃபார்ம் லிங்க் அனுப்பினால் ‘இரவு 11.59-க்குள்’ என்று ஆகிவிடும். அந்த அவகாசத்தில் ஒருவர் எழுத, மூவர் நகலெடுக்க, அல்லது நால்வரும் ஏ.ஐ.-யிடம் கேட்க வழி பிறந்துவிடும். ரிவ்யூ அறையில் பத்து நிமிடம், பேனா, தாள். எழுதச் சிரமப்படும் மாணவருக்கு மட்டும் வாய்ஸ் நோட் அனுமதிக்கலாம்.

இந்த வழிக்கும் பலவீனம் உண்டு. மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். நடுவில் நடந்து முடிந்த விஷயம் தப்பிவிடும். ரிவ்யூ நாளில் திட்டு வாங்கிய குழு கோபத்தில் எழுதும், பாராட்டு வாங்கிய குழு எல்லாம் நலம் என்று எழுதும். இதைச் சரிக்கட்ட, முதல் கேள்வியில் ‘போன ரிவ்யூவுக்குப் பிறகு’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக் கொடுக்கலாம். முழுக்கச் சரியாகாது. மாணவர் சொல்வது எல்லாமே உண்மைக் காரணமாக இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. ‘டைம் பத்தவில்லை’ என்று 40 பேர் எழுதினால், நேரத்தைக் கூட்டுவதற்கு முன் மெட்டீரியல் வாங்கிய பில் தேதியையும் ஒர்க்‌ஷாப் லாக் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பில் எல்லாம் கடைசி இரண்டு வாரத்துத் தேதியில் இருந்தால், கெடு வைக்க வேண்டிய இடம் மெட்டீரியல் வாங்குவதில் இருக்கிறது.

குறிப்பைப் படித்து மாற்றியதை மாணவரிடம் சொல்ல வேண்டும் என்பதை எந்தத் துறையும் திட்டத்தில் எழுதுவதில்லை. ஃபர்ஸ்ட் ரிவ்யூ முடிந்த அடுத்த வாரம், ‘22 பேர் லேத் பற்றி எழுதியிருந்தீர்கள், இனி புதன்கிழமை மதியம் ப்ராஜெக்டுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம்’ என்று ஒரே ஒரு அறிவிப்பு வந்தால் செகண்ட் ரிவ்யூ தாள்கள் நீளும். வராவிட்டால் ‘நோ இஷ்யூஸ்’ என்று 60 தாள் வரும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொன்னாலும் போதும். 3டி பிரிண்டர் வாங்கப் பணம் இல்லை என்றால் இல்லைதான்.

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே விடை இல்லை. தியரி வகுப்பு அதிகமுள்ள முதலாண்டு டிசைன் அறிமுகப் பாடமாக இருந்தால் ஒரு நிமிடத் தாளைத் தேர்ந்தெடுங்கள். சிறிய வகுப்பும், உண்மையில் படிக்க நேரமுள்ள ஆசிரியரும் இருந்தால் ஜர்னலே மேல். நான் இங்கே எழுதிய எதுவும் அதற்குக் குறுக்கே நிற்காது. இறுதிக் கட்டுரையை யாராவது விட மறுத்தால் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மாணவருக்கு அவருடைய மூன்று முடிவுக் குறிப்புகளையும் திருப்பிக் கொடுத்து, அவற்றை வைத்து எழுதச் சொல்லட்டும். அன்றைக்கு எழுதியது எதிரில் இருக்கும்போது வெற்றிக் கதை எழுதுவது கடினம். 60 பேர் கொண்ட மூன்றாம், நான்காம் ஆண்டுக் கட்டாய ப்ராஜெக்ட் என்றால் என் ஓட்டு முடிவுக் குறிப்புக்கு.

அதற்குத் தேவையான பத்து நிமிடத்தை ரிவ்யூ அட்டவணை போடும்போதே சேர்த்துவிட வேண்டும். ஒரு குழுவுக்கு 15 நிமிடம் என்று போட்டு, கடைசிக் குழு சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடுகிற அட்டவணையில் இதை நுழைக்க முடியாது. பக்கத்து அறையைக் கேட்டு வாங்கி, முடிந்த குழு அங்கே உட்கார்ந்து எழுதட்டும், லேப் அசிஸ்டென்ட் தாளை வாங்கி வைக்கட்டும். ஜீரோத் ரிவ்யூவிலேயே தொடங்கிவிடுங்கள். ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் புதிதாக நீட்டினால் அது இன்னொரு ஃபார்ம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.